எச்சம்: ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்பதன் வரலாறு

1

‘உனக்கு மூளை இருக்கா?’ தமிழில் இதைவிட மலிவான வசை கிடையாது. வாத்தியார் பையனைக் கேட்கிறார். மேஸ்திரி சித்தாளைக் கேட்கிறான். புருஷன் பெண்டாட்டியைக் கேட்கிறான். யாரும் பதில் வேண்டி இதைக் கேட்பதில்லை. கேட்கிறவன் மேலே, கேட்கப்படுகிறவன் கீழே என்று இடம் ஒதுக்குகிற காரியத்தை அந்தக் கேள்வி செய்துவிடுகிறது. மனுஷக் கணக்கில் சேர்வதற்கான அனுமதிச் சீட்டாக மூளை இங்கே ஆகிவிடுகிறது.

வசையாக இருக்கிறவரை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் இதே கேள்வியை மருத்துவம் கேட்டது. ‘இல்லை’ என்று பதிலும் எழுதியது. அந்த ‘இல்லை’யையே ஒரு நிலைமையின் பெயராகவும் வைத்தது. அதன்பின் என்னவெல்லாம் நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நான் மருத்துவம் படித்தவன் அல்ல, தமிழ் படித்தவன். ஒரு பெயர் என்ன வேலை செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்று பார்க்கிற பழக்கம் மட்டும்தான் என்னிடம் உள்ள தகுதி.

அந்த நிலைமைக்கு ஹைட்ரனென்செஃபலி என்று பெயர். ஏறக்குறைய பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். குழந்தை பிறக்கிறது. தலை வழக்கமான அளவில்தான் இருக்கும். அழுகிறது, பால் குடிக்கிறது, விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, தூங்குகிறது, விழிக்கிறது. தாய்க்கும் சந்தேகம் வராது, பிரசவம் பார்த்தவருக்கும் வராது. சில வாரங்கள் கழித்து ஓயாத அழுகை, கைகால் விறைப்பு, வலிப்பு. தலை பெருக்க ஆரம்பிக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மண்டையோடு முழுசாக இருக்கிறது, மூளையைச் சுற்றிய சவ்வுகள் இருக்கின்றன. இரண்டு பெருமூளை அரைக்கோளங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீர்.

காரணமாகப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வது இது. மூளைக்கு ரத்தம் இரண்டு வழியாகப் போகிறது. முன்பக்கமாக ஏறுகிற ஒரு ஜோடி உட்கழுத்துத் தமனிகள் பெருமூளையின் பெரும்பகுதிக்கு ஊட்டுகின்றன. பின்பக்கமாக, முதுகெலும்பை ஒட்டி ஏறுகிற இன்னொரு ஜோடி மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ஊட்டுகின்றன. கர்ப்பத்தின் நடுவில் முன்வழி இரண்டும் அடைத்துப்போனால், உருவாகிக்கொண்டிருந்த பெருமூளை ரத்தமில்லாமல் செத்து, கரைந்து, உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அந்த இடத்தைத் தண்டுவட நீர் நிரப்புகிறது. பின்வழி திறந்திருப்பதால் கீழ்ப்பகுதி பிழைத்துக்கொள்கிறது. 1969ல் ரொனால்ட் மையர்ஸ் என்ற ஆய்வாளர் கருவிலிருந்த குரங்குக் குட்டிகளின் கழுத்து ரத்தக் குழாய்களைக் கட்டி இதே சேதத்தை உண்டாக்கிக் காட்டினார். அடைப்பைத் தவிர வேறு வழிகளும் உண்டு. தாய்க்கு வரும் டாக்ஸோபிளாஸ்மா, சைட்டோமெகலோ வைரஸ் போன்ற தொற்றுகள், ஒட்டு நஞ்சுக்கொடியில் வளரும் இரட்டையரில் ஒன்று கருவிலேயே இறந்துபோவது என்று அவை நீள்கின்றன.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு மூளை படைக்கப்படாமல் போகவில்லை. படைக்கப்பட்டு, பாதி வழியில் அழிந்தது. அழிந்தது போகப் பாக்கி இருக்கிறது, அந்தப் பாக்கி உயிரோடு இருக்கிறது. பெயரோ பாக்கியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ‘ஹைட்ரோ’ என்றால் நீர், ‘அன்’ என்றால் இல்லை, ‘என்கெஃபலோஸ்’ என்றால் தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. நீர் உண்டு, மூளை இல்லை. இதுதான் பெயர்.

2

பெயரின் ஊர் பாரிஸ். 1835ல் ழான் க்ருவேலியே என்ற உடற்கூற்று மருத்துவர் இந்த நிலைமையை விவரித்து ‘நீர்த்தலை மூளையின்மை’ என்ற பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்று உடலியலின் முதல் பேராசிரியர் ஆனார். 1829 முதல் 1842 வரை தவணை தவணையாக அவர் வெளியிட்ட பெரிய படத்தொகுதி மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது. வெட்டித் திறந்த உறுப்புகள் வண்ணத்தில் அச்சாகி வந்தன.

யாருடைய உறுப்புகள்? பாரிஸின் பெரிய மருத்துவமனைகள் அன்று ஏழைகளின் மருத்துவமனைகள். காசுள்ளவர்கள் வீட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். கேட்க ஆளில்லாத பிணங்கள் அறுவை மேஜைக்குப் போயின. நோயாளியின் பேச்சு பின்னுக்குப் போய் மருத்துவரின் கண் முன்னுக்கு வந்த இந்தக் கட்டத்தைத்தான் ஃபூக்கோ 1963ல் வெளியான ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் எழுதினார். நோயின் உண்மை பிணத்துக்குள் இருக்கிறது, திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்கிற நம்பிக்கை அப்போது உருவானது. க்ருவேலியே பார்த்ததும் திறந்த தலையைத்தான். திறந்தால் தண்ணீர் வழிந்தோடும், பிறகு காலிக் கூடு. காலிக் கூட்டைப் பார்த்தவர் காலி என்று பெயர் வைத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கிடைத்ததை எழுதினார். ஆனால் அந்தத் தலைக்குள் உயிரிருந்தபோது அதை மடியில் வைத்திருந்தவர் என்ன பார்த்தார் என்பது பதிவின் எல்லைக்குள் வரவே இல்லை.

அதே காலத்தில் அதே ஊரில் ழாஃப்ருவா சேந்திலேர் என்ற தந்தையும் மகனும் விகாரப் பிறப்புகளை வகைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். விகாரங்கள் கடவுளின் கோபமோ சாத்தானின் சேட்டையோ அல்ல, அவையும் இயற்கையின் விதிகளுக்குள்தான் வருகின்றன என்று சொன்னது அவர்களுடைய பெரிய காரியம். தகப்பனார் எத்தியேன் 1826ல் எகிப்திலிருந்து வந்த ஒரு மம்மியைப் பரிசோதித்தார். புனிதக் குரங்குகளை அடக்கம் செய்த இடத்தில் கிடைத்தது. குரங்கு என்றே நம்பப்பட்டது. பிரித்துப் பார்த்தால் மூளையின்றிப் பிறந்த மனிதக் குழந்தை. மனுஷக் கணக்கில் சேர்க்காமல் குரங்குகளோடு சேர்த்திருந்தார்கள். ஆனாலும் பக்குவம் பண்ணி, துணி சுற்றி, புனிதமான இடத்தில்தான் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விகாரத்தை விதிக்குள் கொண்டுவந்த விஞ்ஞானம் பயத்தைப் போக்கியது. கூடவே, அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் போட்டு மூடிவிடுகிற பழக்கத்தையும் கொண்டுவந்தது.

உயிரோடு இருக்கும்போதே தலைக்குள் பார்க்கும் வழியும் அதே ஆண்டுகளில் வந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1825ல் இறந்த ஜேம்ஸ் கார்டினல் என்பவரைப் பற்றி ரிச்சர்ட் பிரைட் 1831ல் எழுதினார். கார்டினலுக்கு நீர்த்தலை. தலைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் தலை ஊடுருவித் தெரியும். ஆனால் அந்த மனுஷன் முப்பது வயதுவரை இருந்தார், பேசினார், வாசித்தார். பின்னால் இந்த வெளிச்சச் சோதனை நூறு ஆண்டுக்கும் மேலாக வழக்கத்தில் இருந்தது. அறையை இருட்டாக்கி, குழந்தையின் தலையில் விளக்கை அழுத்தி வைப்பார்கள். உள்ளே தண்ணீர் மட்டும் என்றால் தலை முழுக்கச் சிவப்பாக ஒளிரும். அதோடு தீர்ப்பு முடிந்தது. கார்டினலின் தலை அன்றைக்கே ஓர் எச்சரிக்கை சொல்லியிருந்தது. வெளிச்சம் ஊடுருவிய தலைக்குள் ஆள் இருந்தார்.

3

1905ல் ஜெர்மானிய மருத்துவர் வால்டர் ஷ்பீல்மேயர் இந்த நிலைமைக்கு ஹைட்ரனென்செஃபலி என்ற இன்றைய பெயரைச் சூட்டினார். அதற்குள் ஜெர்மனியில் வேறொரு விவாதம் உச்சத்துக்கு வந்திருந்தது. மனிதனை மனிதனாக்குவது பெருமூளைதானா என்பது விவாதம். மனிதர்கள் கிடைக்காததால் நாய்களை வைத்து நடத்தினார்கள்.

ஸ்ட்ராஸ்புர்கில் இருந்த ஃப்ரீட்ரிஷ் கோல்ட்ஸ் நாய்களின் பெருமூளையை அறுத்தெடுத்து உயிரோடு காப்பாற்றிக் காட்டியவர். 1892ல் ‘பெருமூளை இல்லாத நாய்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். அவருடைய நாய்களில் ஒன்று அறுவைக்குப் பிறகு 18 மாதம் இருந்தது. நடந்தது, தூங்கியது, விழித்தது, முகவாயில் சாப்பாடு பட்டால் தின்றது, தூக்கினால் உறுமியது. கற்றுக்கொள்ளத்தான் அதனால் முடியவில்லை.

1913ல் ஃப்ராங்ஃபர்ட்டைச் சேர்ந்த லுட்விக் எடிங்கரும் பி. ஃபிஷரும் அதே பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘பெருமூளை இல்லாத மனிதன்’. நாய் இருந்த இடத்தில் மனிதன். மூன்றே முக்கால் வயதுவரை வாழ்ந்த ஒரு குழந்தை. அதன் தலையில் பெருமூளை இல்லை. முடிவு என்னவென்றால், கோல்ட்ஸின் நாய் செய்ததைக்கூட இந்தக் குழந்தை செய்யவில்லை. படிநிலையில் மேலே போகப்போக உயிர் பெருமூளையை அதிகம் நம்பியிருக்கிறது. ஆகவே பெருமூளை போன நாய் பாதி நாயாக இருக்கலாம், பெருமூளை போன மனிதன் அந்த அளவுக்குக்கூடத் தேற மாட்டான்.

ஒரே ஒரு குழந்தையிலிருந்து எழுப்பிய கட்டடம் இது. நாய் வளர்ந்து, நாயாக வாழ்ந்து, பிறகு மூளையை இழந்தது. குழந்தை கருவிலேயே இழந்தது, கைகால் விறைத்துக் கிடந்தது. விறைத்த உடம்பு ‘செய்யாமல்’ இருப்பதை வைத்து உள்ளே ‘யாருமில்லை’ என்று முடிவு கட்டலாமா? அசைய முடியாமை வேறு, உணராமை வேறு என்ற பிரிவு அங்கே மறைந்துபோயிற்று. 1926ல் எடுவார்ட் காம்பர் தன்னிடம் மூன்று மாதம் வாழ்ந்த இன்னொரு குழந்தையைப் பற்றி எழுதினார். பெருமூளை இல்லாத அந்தக் குழந்தை சப்பியது, கொட்டாவி விட்டது, சோம்பல் முறித்தது. தலைப்பில் அவர் அதற்குக் கொடுத்த பெயர் ‘மனித நடுமூளை ஜீவி’. குழந்தை என்ற சொல் தலைப்பிலேயே காணாமல் போய்விட்டது.

எடிங்கர் நல்ல விஞ்ஞானி. யூதர். 1918ல் இறந்துவிட்டார். அவருடைய மகள் டில்லி எடிங்கர், அழிந்துபோன விலங்குகளின் மண்டையோட்டுக் குழியிலிருந்து அவற்றின் மூளை வடிவத்தைப் படிக்கும் துறையைத் தோற்றுவித்தவர். காலிக் கூட்டிலிருந்து அங்கே இருந்ததைப் படிக்க முடியும் என்று காட்டியவர். அவர் 1939ல் ஜெர்மனியை விட்டுத் தப்பி ஓட வேண்டியிருந்தது. மனுஷக் கணக்கிலிருந்து யாரை நீக்கலாம் என்ற பட்டியல் அதற்குள் நீண்டுபோயிருந்தது.

4

அந்தப் பட்டியலுக்கு ஒரு நூல் முன்னுரை எழுதியது. 1920ல் கார்ல் பிண்டிங் என்ற சட்ட அறிஞரும் ஆல்ஃபிரட் ஹோக்கே என்ற மனநோய் மருத்துவரும் சேர்ந்து ‘வாழத் தகுதியற்ற உயிரை’ அழிப்பதற்கான அனுமதி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார்கள். மனசளவில் செத்தவர்கள், பாரமான இருப்புகள், மனித வெற்றுமட்டைகள் என்றெல்லாம் அந்த நூல் பேசியது. காலியான கூடு என்ற உடற்கூற்றுப் படிமம் இங்கே அரசியல் படிமமாக மாறுவதைக் கவனிக்கலாம். உள்ளே ஒன்றுமில்லை என்றால் அழிப்பது கொலை ஆகாது. வாதம் அவ்வளவுதான்.

இந்த ஹோக்கேயின் கீழ் ஃப்ரைபுர்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்தான் ஷ்பீல்மேயர். இதை ஒரு சதியாகச் சொல்லவில்லை. ஷ்பீல்மேயர் 1935ல் இறந்துவிட்டார், பின்னால் நடந்த கொலைகளில் அவருக்குப் பங்கில்லை. பெயர் வைத்தவர் கொலை செய்ய வேண்டியதில்லை. பெயர் புழங்குகிற அறைக்குள் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தால் போதும்.

1939 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மனவளர்ச்சிக் குறை, சிறுதலை, நீர்த்தலை, உறுப்புக் குறை, பக்கவாதம் என்று இன்னின்னது கண்டால் மருத்துவச்சிகளும் மருத்துவர்களும் தகவல் கொடுக்க வேண்டும். தகவல் கொடுத்த மருத்துவச்சிக்கு 2 மார்க் கூலி. படிவம் பெர்லினுக்குப் போகும். மூன்று நிபுணர்கள் குழந்தையைப் பார்க்காமலே படிவத்தைப் பார்த்து, ஒவ்வொருவரும் ஒரு குறி போடுவார்கள். கூட்டல் குறி என்றால் சாவு. குறி விழுந்த குழந்தைகளைச் ‘சிறப்புக் குழந்தைகள் பிரிவு’ என்ற பெயரில் இயங்கிய வார்டுகளுக்கு அனுப்பி, தூக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தோ பட்டினி போட்டோ கொன்றார்கள். குறைந்தது 5,000 குழந்தைகள். இதற்கு இணையாகப் பெரியவர்களுக்காக நடந்த திட்டத்தில் 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்டுக்குள் ஆறு நிலையங்களில் வாயு செலுத்திக் கொல்லப்பட்டவர்கள் கொலைகாரர்களின் சொந்தக் கணக்குப்படியே 70,273 பேர். ஹைட்ரனென்செஃபலி என்ற அரிய பெயர் சுற்றறிக்கையில் இல்லை. ஆனால் தலை பெருத்த ஒரு குழந்தை நீர்த்தலை என்ற வரிக்குள் விழுந்துவிடும். மருத்துவச்சிக்கு நுணுக்கம் தெரிய வேண்டியதில்லை.

கொன்ற பிறகு மூளைகள் ஆய்வுக்குப் போயின. பெர்லின் புக்கில் இருந்த கைசர் வில்ஹெல்ம் மூளை ஆய்வு நிறுவனத்தின் ஜூலியஸ் ஹாலர்ஃபோர்டன் சுமார் 700 மூளைகளைப் பெற்றார். எப்படியும் கொல்லப்போகிறீர்கள், மூளைகளையாவது வீணாக்காதீர்கள் என்ற பொருளில் தான் சொன்னதாக அவரே 1945ல் அமெரிக்க மருத்துவர் லியோ அலெக்ஸாண்டரிடம் ஒப்புக்கொண்டார். வியன்னாவின் ஷ்பீகல்குருண்டில் 789 குழந்தைகள் மாண்டார்கள். அங்கே மருத்துவராக இருந்த ஹைன்ரிஷ் குரோஸ் போருக்குப் பிறகும் அந்த மூளைகளை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ம்யூனிக்கில் 1990லும் வியன்னாவில் 2002லும்தான் அந்தக் கண்ணாடிச் சில்லுகளும் ஜாடிகளும் அடக்கம் செய்யப்பட்டன.

ஒரு முரணை இங்கே பார்க்கலாம். உயிரோடு இருந்தபோது ‘ஒன்றுமில்லாத’ தலைகள். செத்த பிறகு பத்திரப்படுத்தி, சீவி, சாயமேற்றி, எண் போட்டு அறுபது ஆண்டு வைத்திருக்கிற அளவுக்கு மதிப்புள்ள தலைகள்.

5

ஹிட்லர் போனான், கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘காலி’ என்ற சொல் ஜனநாயக நாடுகளிலும், நல்லெண்ணமுள்ள மருத்துவர்களிடமும் தன் வேலையைச் செய்தபடிதான் இருந்தது.

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் மருத்துவர் ஜான் லோர்பர் 1965ல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு ‘இயல்பான வளர்ச்சியுடன் கூடிய ஹைட்ரனென்செஃபலி’. தலைப்பே இடிக்கிறது. பெயரின்படி மூளையில்லை, ஆனால் பிள்ளை வளர்கிறது. இதற்கு மருத்துவ விளக்கம் உண்டு. மிகக் கடுமையான நீர்த்தலையில் மூளை அழியாமல், நீரின் அழுத்தத்தில் காகிதம்போல மெலிந்து மண்டையோட்டின் உட்சுவரில் ஒட்டிக் கிடக்கலாம். விளக்கு வைத்துப் பார்த்தால் அதுவும் ஒளிரும். நேரத்தோடு குழாய் வைத்து நீரை வடித்தால் அந்த மூளை மீண்டு வளர இடமுண்டு. ஆனால் ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்ட தலைக்குக் குழாய் வைக்க யார் முன்வருவார்? 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்படும்வரை, இந்த இரண்டையும் உயிருள்ள தலையில் நம்பிக்கையாகப் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. அதற்கு முன்னால் எத்தனை தலைகள் விளக்கு வெளிச்சத்தை மட்டும் வைத்துக் கைவிடப்பட்டிருக்கும்?

இதே லோர்பர்தான் 1971ல், முதுகெலும்பு மூடாமல் பிறந்த குழந்தைகளில் யாருக்குச் சிகிச்சை கொடுக்கலாம், யாரை விட்டுவிடலாம் என்று அளவுகோல் வகுத்தார். ஒரு கையால் பெயரின் பொய்யைக் காட்டியவர், இன்னொரு கையால் பொறுக்கியெடுக்கும் பட்டியல் எழுதினார். அவரை வில்லனாக்க வேண்டாம். அந்தக் காலத்து மருத்துவம் இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டது.

தத்துவத்திலும் இதே கதை. ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1979ல் ‘நடைமுறை அறவியல்’ நூலிலும், ஹெல்கா குஷேயுடன் சேர்ந்து 1985ல் எழுதிய ‘குழந்தை வாழவேண்டுமா?’ நூலிலும், தன்னுணர்வுதான் ஒருவரை ‘நபர்’ ஆக்குகிறது, கடும் குறையோடு பிறந்த சிசுவின் வாழ்வை முடிக்கும் தீர்மானம் பெற்றோரிடம் இருக்கலாம் என்று வாதிட்டார். 1989ல் அவர் ஜெர்மனியில் பேச இருந்த கூட்டங்களை ஊனமுற்றோர் இயக்கத்தவர் எதிர்த்து நிறுத்தினார்கள். சிங்கரை நாஜி என்பது அநியாயம். அவருடைய தாத்தா பாட்டிகளில் மூவர் நாஜிகளால் மாண்டவர்கள். ஆனால் சக்கர நாற்காலியில் வந்தவர்கள் கேட்ட கேள்விக்கு அவருடைய தத்துவத்தில் பதில் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அளப்பவர் யார்? அளக்கப்படுகிறவருக்கு அந்த அளவுகோல் மேல் வாக்கு உண்டா?

1994ல் அமெரிக்காவின் ஐந்து மருத்துவச் சங்கங்கள் சேர்ந்த குழு ஒன்று, தன்னையும் சுற்றத்தையும் அறியாத ‘தாவர நிலை’க்கு வரையறை எழுதியபோது, கடுமையான பிறவி மூளைக் குறைபாடுகளையும் அதன் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. எடிங்கரின் முடிவு எண்பது ஆண்டு கழித்தும் நடைமுறையில் ஆண்டுகொண்டிருந்தது.

6

மறுப்பு எங்கிருந்து வந்தது? பிள்ளை வளர்த்த வீடுகளிலிருந்து.

1999ல் ஆலன் ஷ்யூமன் என்ற அமெரிக்கக் குழந்தை நரம்பியல் மருத்துவர், ஹோம்ஸ், பைர்ன் என்ற இருவரோடு சேர்ந்து நான்கு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். வயது 5 முதல் 17 வரை. பெருமூளைப் புறணி முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ இல்லாமல் பிறந்தவர்கள். தெரிந்த ஆளையும் தெரியாத ஆளையும் பிரித்தறிந்தார்கள், சில பாட்டு பிடித்தது, சிலது பிடிக்கவில்லை. தாவர நிலை என்ற தீர்ப்பு தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்கிற ஆரூடம் என்றார்கள் இந்த மூவரும். உணர்வில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தூண்டலும் கவனிப்பும் வைத்தியமும் கிடைக்காது. அவை கிடைக்காத குழந்தை ஒடுங்கிப்போகும். ஒடுங்கிப்போனதைக் காட்டி, பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே என்பார்கள். எடிங்கரின் ஒற்றைக் குழந்தையை இந்த இடத்தில் திரும்ப நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்வீடன் நாட்டு நரம்பியலாளர் பியோர்ன் மெர்க்கர் ஒரு படி மேலே போனார். 2004 அக்டோபரில், ஹைட்ரனென்செஃபலி உள்ள பிள்ளைகளோடு சுற்றுலா வந்த ஐந்து குடும்பங்களுடன் அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டில் ஒரு வாரம் தங்கினார். பத்து மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள். ஆய்வுக்கூடம் இல்லை, விளக்கு இல்லை, கத்தி இல்லை. கூட இருந்து பார்த்தார். பெற்றோர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட ஆயிரக்கணக்கான செய்திகளையும் படித்தார். பிறகு 2007ல் ‘பெருமூளைப் புறணி இல்லாத உணர்வுநிலை’ பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இந்தப் பிள்ளைகள் விழித்திருக்கும்போது சுற்றத்துக்கு எதிர்வினை செய்கிறார்கள். சந்தோஷம் வந்தால் சிரிக்கிறார்கள், பிடிக்காவிட்டால் முதுகை வளைத்து அழுகிறார்கள். பழகிய குரலுக்கும் பொம்மைக்கும் தனி முகம் காட்டுகிறார்கள். இன்னொன்றையும் கவனித்தார். பார்வைக்கான புறணியின் துண்டுகள் பல குழந்தைகளில் மிஞ்சியிருக்கும், கேட்புக்கான புறணி பெரும்பாலும் இருக்காது. ஆனால் இவர்களுக்குப் பார்வையைவிடக் கேட்புதான் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் மிச்சமுள்ள புறணித் துண்டுகள்தான் வேலை செய்கின்றன என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மூளைத்தண்டின் மேற்பகுதிதான் உணர்வின் அடித்தளம் என்பது அவர் வாதம்.

இது ஆகாயத்திலிருந்து குதித்த வாதமும் அல்ல. விழிப்பைத் தாங்குவது மூளைத்தண்டின் வலையமைப்பு என்று 1949லேயே மொருட்ஸி, மகூன் இருவரும் காட்டிவிட்டார்கள். வைல்டர் பென்ஃபீல்ட் விழித்திருந்த நோயாளிகளிடம் பெருமூளைப் பகுதிகளை வெட்டி எடுத்தபோதும் அவர்கள் நினைவு தப்பவில்லை. குட்டியிலேயே புறணி நீக்கப்பட்ட எலிகள் விளையாடுகின்றன, குட்டி போட்டு வளர்க்கின்றன. ஆதாரம் கிடந்தது. மனிதக் குழந்தைக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் மனசு வரவில்லை. மெர்க்கருக்கு எதிர்ப்பும் வந்தது. சிரிப்பு வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம் என்றார்கள் சிலர். விவாதம் முடியவில்லை, முடிய வேண்டியதும் இல்லை. ஆனால் ‘தாய் ஆசையில் சொல்கிறாள்’ என்று நூற்றைம்பது ஆண்டு ஒதுக்கிய சாட்சியம் முதன்முறையாக அறிவின் மேஜைக்கு வந்தது. கீழே இருப்பவர்களின் சாட்சியம் வரலாறாகுமா என்று நாம் மற்ற இடங்களில் சண்டை போடுகிறோமே, அதே சண்டைதான் இதுவும்.

7

வேறு நாட்டுக் கதை என்று ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டாம். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார். குருடு, உருவமற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு என்று எட்டு வகைப் பிறப்புகளை அடுக்கி, அவற்றால் பயனில்லை என்பதைப் பெரியோர் வாக்காக வைக்கிறார். நம் வீரயுகப் பெருமையின் நடுவில் இந்தப் பட்டியலும் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பொதுப்பெயர் எச்சம்.

எச்சம் என்றால் குறை. எச்சம் என்றால் மிச்சமும்தான். பிள்ளைக்கும் எச்சம் என்றே பெயர். இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் படித்திருப்போம். தனியாக முடியாமல், பக்கத்தில் இன்னொரு சொல் வந்து சேர்ந்து முடிகிற சொல். அதைச் சொல்லே இல்லை என்று எந்த இலக்கணக்காரனும் தள்ளவில்லை. கிரேக்கப் பெயர் ‘இல்லை’ என்று சொல்கிற இடத்தில் தமிழ்ச் சொல் ‘மிச்சம் இருக்கிறது’ என்றும் சொல்ல இடம் வைத்திருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் இருப்பதால் சொல்கிறேன்.

கடைசியாக, தோழர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று. இது கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களின் கையில் ஆயுதமாகாதா? மேற்கில் சில மதவாதிகள் இந்தப் பிள்ளைகளின் படங்களை அப்படித்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். இந்தியாவில் 1971ன் கருக்கலைப்புச் சட்டம் 2021ல் திருத்தப்பட்டு, கருவில் கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் கண்டால் 24 வார வரம்பு பொருந்தாது என்று ஆகியிருக்கிறது. அந்தத் தீர்மானம் சுமக்கிறவளுடையது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் ஆண்டைத் தாண்டாத பிள்ளைகள்தான் அதிகம். பதின்வயதைக் கடந்தவர்களும் உண்டு. தாண்டினால் குழாய் வழி உணவு, வலிப்பு, தூங்காத இரவுகள். இந்தப் பாட்டையெல்லாம் பெரும்பாலும் ஒரு பெண்தான் படுகிறாள். அவளுக்குக் கூலியும் கிடையாது, பதிலாளும் கிடையாது. அவளுடைய முடிவுக்கு உண்மையான தகவல் வேண்டும். ‘உள்ளே ஒன்றுமில்லைம்மா’ என்பது தகவல் அல்ல. அவள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், அந்தப் பொய்யின் மேல் நின்று எடுக்க வேண்டிய அவசியமில்லை. பெற்று வளர்க்கிறவளைத் தனியாக விட்டுவிட்டு உயிரின் புனிதம் பேசுகிறவர்களோடும் நமக்கு வேலையில்லை.

மெர்க்கரின் கட்டுரையில் ஒரு புகைப்படம் உண்டு. மூன்று வயதுச் சிறுமி, ஹைட்ரனென்செஃபலி. பெற்றோர் அவளுடைய கைக்குழந்தைத் தம்பியை அவள் மடியில் வைத்து, தாங்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்து அவளையே பார்க்கிறார்கள். அவள் முகம் மலர்ந்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நிபுணர்கள் வாதாடட்டும். படத்தில் கத்தி இல்லை, விளக்கு இல்லை, படிவம் இல்லை என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம். யாரைப் பற்றியானாலும் சரி, ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று ஒருவர் சொன்னால் நாம் திரும்பக் கேட்க வேண்டியது இரண்டு. பார்த்தது யார்? எவ்வளவு நேரம் கூட இருந்து பார்த்தார்?